பழைய அக்கூஸ்டிக் கிட்டார்: யார் செய்தது, எந்த வருஷம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரணில் கிடந்தது, தாத்தா வாசித்தது, பழைய சாமான்களோடு வந்தது என்று ஒரு கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: இது எந்த வருஷம்? பதில் சொல்ல ஒரே ஒரு விதி போதும். மாற்றப்படாத பாகங்களில் எது மிகப் புதியதோ, அதைவிடக் கிட்டார் பழையதாக இருக்க முடியாது. மீதி எல்லாம் எந்தப் பாகம் அசல், எது பிறகு வந்தது என்று பிரிக்கும் வேலைதான்.

கையில் எடுத்ததும் எங்கே பார்க்க வேண்டும்?

உள்ளே. பெரும்பாலானோர் கம்பி முறுக்கும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கில் உள்ள பெயரைத்தான் முதலில் படிப்பார்கள். அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம், சுரண்டியும் எடுக்கலாம். கிட்டாரின் வயிற்றுக்குள் கை வைப்பவர்கள் குறைவு.

கம்பிகளைத் தளர்த்துங்கள். கழற்ற வேண்டியதில்லை, கை நுழையும் அளவுக்குத் தொய்ந்தால் போதும். பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற சின்ன வட்டக் கண்ணாடியும் ஒரு குட்டி எல்இடி விளக்கும் இருந்தால் நல்லது. இல்லையென்றால் செல்போன் கேமராவை ஓட்டைக்குள் காட்டி வீடியோ எடுத்துவிட்டு, பிறகு நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். முதலில் நீளமான கழுத்தான நெக் வந்து உடம்பான பாடியில் சேரும் இடத்தில் உள்ள மரக்கட்டை, அதாவது நெக் பிளாக். அடுத்து பின்பலகையின் நடுவே ஓடும் பட்டை. அப்புறம் ஓட்டைக்கு நேர் கீழே லேபிள், அல்லது லேபிள் உரிந்துபோன இடத்தில் மட்டும் வெளிறித் தெரியும் செவ்வகம். கடைசியாகக் கண்ணாடியைத் திருப்பி முன்பலகையான டாப்பின் அடிப்பக்கத்தைப் பாருங்கள்.

அந்த அடிப்பக்கத்தில்தான் நான் ஒரு முறை பென்சில் எழுத்தைக் கண்டேன். லேபிளே இல்லாத சின்ன கிட்டார். உள்ளே விரிசலுக்கு ஒட்டுப்போட்ட மரத்துண்டின் மேல் யாரோ ஒரு பழுதுபார்ப்பவர் கையெழுத்துப் போட்டுத் தேதியும் எழுதியிருந்தார். கிட்டார் பிறந்த வருஷம் அதில் இல்லைதான். ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே அது விரிசல் விடும் அளவுக்குப் பழசாகியிருந்தது என்பது உறுதியாகிவிட்டது. இதற்குப் பிந்தியது இல்லை என்ற மேல் எல்லை அப்படித்தான் கிடைக்கும்.

சீரியல் நம்பர் இருந்தால் வருஷம் தெரிந்துவிடும்தானே?

செய்த நிறுவனத்தைப் பொறுத்தது. மார்ட்டின் என்றால் பெரும்பாலும் ஆமாம். கிப்சன் என்றால் பொறுமை வேண்டும். மலிவுக் கிட்டார்களில் உள்ள நம்பர் பல சமயம் சீரியல் நம்பரே கிடையாது, மாடல் நம்பர்.

மார்ட்டின் 1833 இல் தொடங்கிய நிறுவனம். 1898 இல்தான் நம்பர் போடத் தொடங்கினார்கள். அதுவரை ஏறத்தாழ 8000 கிட்டார் செய்திருப்போம் என்று கணக்குப் போட்டு 8000 இலிருந்து ஆரம்பித்தார்கள். அன்றிலிருந்து ஒரே வரிசை. நம்பர் நெக் பிளாக்கில் குத்தப்பட்டிருக்கும். 1930 கடைசியிலிருந்து நம்பருக்கு மேலே மாடல் பெயரும் சேர்ந்தது. ஒவ்வொரு வருஷமும் எந்த நம்பரில் முடிந்தது என்பதும் தெரியும்: 1940 இன் கடைசி நம்பர் 76734, 1945 இன் கடைசி 93623, 1950 இன் கடைசி 117961. உங்கள் நம்பர் எந்த இரண்டுக்கு நடுவே விழுகிறது என்று பார்த்தால் போதும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: நம்பர் குத்துவது வேலையின் ஆரம்பத்தில். டிசம்பரில் நம்பர் வாங்கிய கிட்டார் அடுத்த வருஷம் வெளியே வந்திருக்கலாம்.

நம்பரே இல்லாத மார்ட்டின் என்றால் 1898க்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு உண்டு. அப்போது முத்திரையைப் படியுங்கள். 'நியூயார்க்' என்று மட்டும் பார்த்துவிட்டு அங்கே செய்தது என்று நினைக்காதீர்கள். 1830களின் முடிவிலேயே பென்சில்வேனியாவின் நாசரேத்துக்குக் குடிபெயர்ந்துவிட்ட பிறகும், 1898 வரை முத்திரையில் நியூயார்க் என்றே போட்டார்கள். பெயருக்குப் பின்னால் 'அண்ட் கோ' இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 1867க்குப் பிந்தியது.

நம்பர் ஒரு வருஷம் சொல்கிறது. அதைச் சரிபார்க்க வழி உண்டா?

உண்டு, மார்ட்டினில் இது ஒரு சுகமான வேலை. அவர்கள் எதை எப்போது மாற்றினார்கள் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம்.

டாப்பின் அடியில் எக்ஸ் வடிவில் குறுக்கே ஓடும் மரச்சட்டங்களைப் பிரேசிங் என்பார்கள். கண்ணாடியில் பார்க்கும்போது சட்டத்தின் முதுகு நேராக இல்லாமல், குடைந்து எடுத்த பள்ளமும் மேடுமாக இருந்தால் அது ஸ்காலப்டு பிரேசிங். மார்ட்டின் அதை 1944 கடைசியில் நிறுத்திவிட்டது. வாசிப்பவர்கள் கனமான கம்பிகள் போட்டு டாப்பைத் தூக்கவைத்தார்கள் என்பதால். 28 ஸ்டைல் என்ற மாடல் வரிசையில் டாப்பின் ஓரத்தைச் சுற்றி மீன் முள் போல ஓடும் ஹெரிங்போன் கோடு 1947 இல் போய்விட்டது. கம்பிகள் மாட்டும் பிரிட்ஜில், அவற்றைத் தாங்கும் சேடில் என்ற பட்டை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நீளமாக ஓடியது 1965 வரை. டாப்பைக் கீறலிலிருந்து காக்கும் ஆமையோட்டு நிறத் தகடான பிக்கார்டு 1966, 67 வாக்கில் கறுப்பாக மாறியது. டி-28 போன்றவற்றில் பிரேசிலியன் ரோஸ்வுட் போய் இந்தியன் ரோஸ்வுட், அதாவது நம் ஈட்டி, வந்தது 1969 கடைசியில்.

நெக்கின் உள்ளே இருப்பதும் ஒரு சாட்சி. 1934 இலிருந்து விரல் வைக்கும் பலகையான ஃபிங்கர்போர்டுக்கு அடியில் எஃகுப் பட்டை வைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் எஃகு கிடைக்காததால் கருங்காலி வைத்தார்கள். அதன் குறுக்கே பதித்த கம்பிகளான ஃப்ரெட்டுகள் காந்தத்தில் ஒட்டாத உலோகம் என்பதால், சின்ன வலுவான காந்தம் ஒன்றை ஃபிங்கர்போர்டின் மேல் மெதுவாக நகர்த்தினாலே தெரிந்துவிடும். இழுத்தால் உள்ளே எஃகு. 1943 நம்பர் உள்ள நெக்கில் காந்தம் இழுத்தால், நெக் மாற்றப்பட்டதா என்று கேட்க வேண்டிய நேரம். கிட்டாரைக் கீறாமல் செய்ய, காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொள்ளுங்கள்.

கிப்சன் ஏன் இவ்வளவு குழப்பம்?

ஏனென்றால் நம்பர்களை அவர்கள் ஒழுங்காக நடத்தவில்லை. 1960களில் ஒரே நம்பர் வெவ்வேறு வருஷங்களில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. 1970 முதல் 75 வரை வந்த ஆறு இலக்க நம்பர்களும் பழைய நம்பர்களோடு மோதும். ஆனால் அவற்றுக்குக் கீழே 'மேட் இன் யுஎஸ்ஏ' என்று குத்தியிருப்பார்கள், அதை வைத்துப் பிரிக்கலாம். 1975 முதல் 77 வரை ஸ்டிக்கரில் எட்டு இலக்கம். 99 என்று தொடங்கினால் 1975, 00 என்றால் 1976, 06 என்றால் 1977.

1977க்குப் பிறகுதான் நிம்மதி. எட்டு இலக்கத்தில் முதலாவதும் ஐந்தாவதும் வருஷம், இடையில் உள்ள மூன்றும் அந்த வருஷத்தின் எத்தனையாவது நாள் என்பது. 82765501 என்று இருந்தால் 8, 5 சேர்ந்து 85, நாள் 276. அதாவது 1985 அக்டோபர் 3.

அதற்கு முந்தைய ஃப்ளாட்டாப், அதாவது தட்டையான டாப் உள்ள கிட்டார்களில் பலவற்றுக்குச் சீரியல் நம்பரே கிடையாது. தொழிற்சாலை வேலைக்கு எடுத்த கொத்துக்குக் கொடுத்த ஃபேக்டரி ஆர்டர் நம்பர் நெக் பிளாக்கில் மையில் குத்தியிருக்கும், பெரும்பாலும் மங்கலாக. 1952 முதல் 61 வரை அதில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். எழுத்துகள் பின்னாலிருந்து முன்னால் போகும்: இசட் என்றால் 1952, ஒய் 1953, எக்ஸ் 1954, அப்படியே கீழே இறங்கி க்யூ என்றால் 1961. பக்கவாட்டிலிருந்து விளக்கு அடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் தெரியாத மை சாய்வான வெளிச்சத்தில் எழும்பி வரும்.

நம்பரே படிக்க முடியவில்லையா? ஹெட்ஸ்டாக்கைப் பாருங்கள். சாய்ந்த கையெழுத்தில் 'தி கிப்சன்' என்றால் 1930களுக்குப் பிந்தியதாக இருக்க முடியாது. அந்தப் பத்தாண்டில் 'தி' உதிர்ந்துவிட்டது. கிப்சன் ஒன்றே தரம் என்ற பொருளில் ஒரு பட்டை வாசகம் பெயருக்குக் கீழே ஓடினால் 1942 முதல் 45 வரை. கட்டை எழுத்தில் பெயர் என்றால் 1947 கடைசிக்குப் பிறகு. ஹெட்ஸ்டாக்குக்குக் கீழே கம்பிகளைத் தாங்கும் சின்னப் பட்டையான நட்டின் அகலத்தையும் அளந்து பாருங்கள். சுமார் 43 மில்லிமீட்டராக இருந்தது 1965 இல் 40க்கு ஒடுங்கியது. ஸ்கேலே தேவையில்லை, முதல் பொசிஷனில் சி கார்டு பிடித்தாலே விரல்கள் முட்டிக்கொள்ளும்.

பெயரும் இல்லை, லேபிளும் இல்லை. என்ன செய்வது?

பயப்பட வேண்டாம். பழைய கிட்டார்களில் பல இப்படித்தான். அமெரிக்காவில் ஹார்மனி, கே, ரீகல் போன்ற தொழிற்சாலைகள் பெரிய அளவில் செய்து, தபால் விற்பனை நிறுவனங்கள் சொன்ன பெயரை ஒட்டி அனுப்பின. சியர்ஸின் சில்வர்டோன் அப்படிப்பட்ட ஒரு பெயர்தான். அதனால் பெயர் ஒன்று, செய்தவர் வேறு. ஹார்மனியில் உள்ளே மையில் ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமும் குத்தியிருக்கும். எஃப்-59, எஸ்-62 என்பதுபோல. இலக்கம் வருஷம், எழுத்து அந்த வருஷத்தின் எந்தப் பாதி என்பது. பக்கத்திலேயே எச் எழுத்தோடு ஒரு நம்பர் இருந்தால் அது மாடல்: எச்1260 என்றால் சாவரின்.

ஜெர்மனியின் ஃப்ராமஸ் இன்னும் நல்லவர்கள். நம்பரின் கடைசியில் இரண்டு இலக்கமும் ஓர் எழுத்தும் இருக்கும். இலக்கம் வருஷம், எழுத்து மாதம்: ஏ ஜனவரி, எல் டிசம்பர்.

எந்த எழுத்துமே இல்லையென்றால் உடம்பைப் படியுங்கள். டாப்பின் அடியில் ஏணிப்படி போலக் குறுக்குச் சட்டங்கள் மட்டும் இருந்தால் பெரும்பாலும் மலிவு விலைக் கிட்டார். ஓரத்தைச் சுற்றி ஒட்டும் பட்டையான பைண்டிங்கில் நகத்தால் தடவினால் விளிம்பே தட்டுப்படவில்லையென்றால் அது பைண்டிங் இல்லை, பெயின்ட். பின்பலகையின் ரோஸ்வுட் ரேகை, வெளியே ஒரு மாதிரியும் உள்ளே வேறு மாதிரியும் ஓடினால் அது வரைந்த ரேகை. உள்ளே இருப்பது பெரும்பாலும் பர்ச் மரம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த ஏணிச் சட்டச் சத்தத்துக்காகவே ப்ளூஸ் வாசிப்பவர்கள் இவற்றைத் தேடுகிறார்கள்.

லேபிளில் நாட்டின் பெயர் மட்டும் இருக்கிறது. அது போதுமா?

சில சமயம் அதுவே எல்லாம் சொல்லிவிடும். இறக்குமதிப் பொருளில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் போட வேண்டும் என்று அமெரிக்கா 1890 சட்டத்தில் விதித்தது. அதனால் அங்கே போன கிட்டாரில் நாட்டின் பெயர் இருந்தால் பொதுவாக 1891க்குப் பிந்தியது. செக்கோஸ்லோவாக்கியா என்றால் 1918க்குப் பிறகு, மேற்கு ஜெர்மனி என்றால் 1949 முதல் 1990 வரை. 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்' என்று ஆங்கிலத்தில் இருந்தால் 1952க்குள். அமெரிக்க முகவரியில் ஐந்து இலக்க ஜிப் கோடு இருந்தால் 1963க்கு முந்தியதாக இருக்கவே முடியாது. இந்தக் கடைசி ஒன்றை நான் அடிக்கடி பயன்படுத்துவேன். 'ஐம்பதுகளில் வாங்கியது' என்று உறுதியாகச் சொல்பவர் முகம் மாறுவதைப் பார்க்கக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும்.

ஜப்பான் யமஹா. உள்ளே 45.4.9 என்று இருக்கிறது. 1945 ஆ?

இல்லை. அது ஷோவா வருஷம், ஜப்பான் பேரரசரின் ஆட்சிக் கணக்கு. ஷோவா எண்ணோடு 1925 ஐக் கூட்டுங்கள்: 45 என்றால் 1970, ஏப்ரல் 9. யமஹாவின் எஃப்ஜி-180 வந்ததே 1966 இல்தான். யமஹாவின் பழைய நிறுவனப் பெயரான 'நிப்பான் கக்கி' என்று அச்சடித்த சிவப்பு லேபிள் அந்த ஆரம்ப வருஷங்களுடையது.

டியூனர் பார்க்கப் பழசாக இருக்கிறது. அதை வைத்துச் சொல்லலாமா?

கம்பியை முறுக்கும் டியூனரை எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் நம்ப வேண்டும். எளிதில் தேய்வதும் எளிதில் மாற்றுவதும் அதுதான். ஒரு டியூனரைக் கழற்றி அடியில் பாருங்கள். வேறு வடிவத்தில் ஒரு நிழல் பதிந்திருக்கிறதா, மரத்தூள் அடைத்த பழைய ஸ்க்ரூ துளைகள் உண்டா? இருந்தால் இப்போதுள்ளது இரண்டாவது ஜோடி. கூட்டல் குறி போட்ட பிலிப்ஸ் ஸ்க்ரூ 1930களின் நடுவில் வந்தது. அசலாகவே அந்த ஸ்க்ரூ இருந்தால் 1920கள் என்ற கதை அங்கேயே முடிந்தது. ஆனால் நேர்க்கோடு ஸ்க்ரூ இருப்பதால் பழசு என்று சொல்லிவிட முடியாது. அது இன்றும் கிடைக்கிறது.

பாலிஷை வைத்து எதுவும் தெரியுமா?

தெரியும். 1920களின் நடுவுக்கு முன்னால் ஷெல்லாக்கும் வார்னிஷும். அதற்குப் பிறகு பெரிய தொழிற்சாலைகள் நைட்ரோ லேக்கருக்கு மாறின. நைட்ரோ வயதானால் மஞ்சளாகும், மெல்லிய கோடுகளாக வெடிக்கும். தடிமனாக, கண்ணாடி போல, எங்குமே வெடிக்காமல் இருந்தால் பெரும்பாலும் பிற்காலத்துப் பாலியஸ்டர் வகை.

இருட்டறையில் புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய நைட்ரோ மங்கலான மஞ்சள்-பச்சையாக ஒளிரும். பிறகு தொட்டுப் பூசிய இடம் மட்டும் கறுப்புத் திட்டாக நிற்கும். ஹெட்ஸ்டாக் உடைந்து ஒட்டியதை மறைத்திருந்தால் பகலில் தெரியாதது இதில் பட்டென்று தெரியும். சால்வென்ட் தொட்டுப் பார்க்கும் சோதனையை நான் சொல்லவே மாட்டேன். ஒரு துளி போதும், தழும்பு நிரந்தரம்.

பின்பலகை பிரேசிலியன் ரோஸ்வுட் என்கிறார்கள். எப்படி உறுதிசெய்வது?

மரத்தைப் பார்த்து மட்டும் உறுதிசெய்யாதீர்கள். கறுப்பு மை போன்ற கோடுகள் சிலந்திவலையாக ஓடுவது, அறுக்கும்போது வரும் இனிப்பு வாசனை எல்லாம் உண்மைதான், ஆனால் கருமையான ஈட்டிப் பலகையும் ஏமாற்றும். முதலில் வருஷத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு அந்த வருஷம் அந்த மாடலில் என்ன மரம் போட்டார்கள் என்று பாருங்கள். இது வெறும் பெருமைக்கான கேள்வி இல்லை. அழியும் உயிரினங்களுக்கான சைட்ஸ் ஒப்பந்தத்தில் பிரேசிலியன் ரோஸ்வுட் 1992 முதல் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. மற்ற ரோஸ்வுட் கருவிகளுக்கு 2019 இல் கிடைத்த தளர்வு இதற்குப் பொருந்தாது. கிட்டாரோடு எல்லை தாண்டுமுன் காகிதம் கேட்டு வையுங்கள்.

டாப் முழுப் பலகையா, பிளைவுட்டா?

ஓட்டையின் விளிம்பைப் பாருங்கள். மேலே உள்ள ரேகை விளிம்பில் மடங்கி அப்படியே கீழே இறங்கினால் முழுப் பலகை. இடையில் வேறு அடுக்கு தெரிந்தால் பிளைவுட்.

நூறு வருஷக் கிட்டார் என்றால் ஸ்டீல் கம்பி போடலாமா?

அவசரப்படாதீர்கள். ஸ்டீல் கம்பி பரவலாகி வழக்கமானது 1920களில்தான். அதற்கு முந்திய சின்ன உடம்புக் கிட்டார்கள் பல குடல் தந்திக்காகச் செய்தவை, டாப் மெல்லியது. ஸ்டீல் போட்டால் பிரிட்ஜ் எழும்பும், டாப் வயிறு தள்ளும். அப்படி ஏற்கெனவே தள்ளியிருந்தால், யாரோ முன்பே இந்தத் தவறைச் செய்திருக்கிறார்கள். நெக் பாடியில் 12ஆவது ஃப்ரெட்டில் சேர்கிறதா, 14இலா என்றும் எண்ணுங்கள். மார்ட்டின் தன் ஓஎம் மாடலில் 14 ஃப்ரெட் கொண்டுவந்தது 1929 இல். ஃப்ளாட்டாப் கிட்டாரில் 14 இருந்தால் அதற்கு முந்தியதாக இருப்பது அரிது. கிளாசிக்கல் கிட்டார் இன்றும் 12தான், அங்கே இந்தக் கணக்கு செல்லாது.

பார்க்குமுன் துடைக்கலாமா?

கூடாது. ஈரத் துணியால் லேபிளை மெதுவாகத் துடைத்தால் எழுத்து தெளிவாகும் என்று நானும் ஒரு முறை நினைத்தேன். கையால் எழுதிய நம்பர் துணிக்கு வந்துவிட்டது. படம் எடுத்த பிறகே எதையும் தொடுங்கள்.

லேபிள் போலியாக இருக்குமா?

தாராளமாக. குறிப்பாக ஸ்பானிஷ் கிட்டார்களில். 1892 இல் இறந்த ஆன்டோனியோ தெ டோரெஸின் லேபிளை ஒட்டிய கிட்டார்கள் அவர் செய்ததைவிட அதிகமோ என்று சந்தேகம் வரும். லேபிள் சொல்லும் வயதை மரமும் சொல்ல வேண்டும்: உள்ளே பாலிஷ் போடாத மரம் எங்கும் ஒரே அளவாகப் பழுப்பேறியிருக்கிறதா, லேபிளின் ஓரங்களில் பசை புதிதாக மின்னுகிறதா என்று பாருங்கள்.

எல்லாம் பார்த்துவிட்டேன், சான்றுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. என்ன வருஷம் என்று எழுதுவது?

ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். விற்பவர் 1938 என்கிறார், மார்ட்டின் டி-18. நெக் பிளாக்கில் டி-18 என்ற முத்திரைக்குக் கீழே 88 ஆயிரத்துச் சொச்சம். 1943 முடிந்தது 86724 இல், 1944 முடிந்தது 90149 இல். ஆக, 1944. கண்ணாடியை உள்ளே விட்டால் பிரேசிங் குடைந்திருக்கிறது. அந்த வருஷக் கடைசி வரை அப்படித்தான். காந்தம் இழுக்கவில்லை, எனவே போர்க்காலக் கருங்காலி. இதுவரை எல்லாம் ஒரே குரல். ஆனால் பிக்கார்டு கறுப்பு, ஓரத்தில் லேக்கர் வெட்டுப்பட்டிருக்கிறது. டியூனருக்கு அடியில் அடைத்த துளைகள். இவை இரண்டும் கிட்டாரைப் புதிதாக்காது, அவற்றைத்தான் ஒதுக்கிவைக்க வேண்டும். அட்டையில் நான் எழுதுவது: 'டி-18, 1944. டியூனரும் பிக்கார்டும் பிறகு மாற்றியவை.'